குமரி மாவட்ட ஈரக்காற்றில் பெப்பர்மின்ட் மிட்டாய் அலங்காரம் நிற்குமா?

தக்கலை மறைக்கல்வி ஆசிரியை
டிசம்பர் 4, இரவு 8.15

கோட்டாறு சவேரியார் திருவிழா நேற்றோடு முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அதன்பிறகுதான் வாசலில் நட்சத்திரம் ஏறும். குடிலுக்குத் தட்டுகளில் நெல்லும் வெந்தயமும் பாவுவார்கள். மரத்துக்குச் சவுக்குக் கிளை பார்த்து வைப்பார்கள். என் வகுப்பில் படிக்கும் இருபத்திரண்டு பிள்ளைகளும் இந்த ஆண்டும் பெப்பர்மின்ட் மிட்டாயில் அலங்காரம் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். செய்துகொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் போன ஆண்டு நேர்ந்ததை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது.

சிவப்பும் வெள்ளையுமாகச் சுழி போட்ட உருண்டைத் தட்டு மிட்டாய்களை உறை பிரித்து, அட்டையில் வெட்டிய வளையத்தின்மேல் வெள்ளைப் பசை கொண்டு நெருக்கமாக ஒட்டி, டிசம்பர் 12 அன்று குடிலுக்கு மேலே சுவரில் தொங்கவிட்டோம். முதல் நாள் அவ்வளவு அழகாக இருந்தது. மூன்றாம் நாள் இரவு நல்ல மழை. காலையில் எழுந்து பார்த்தபோது மிட்டாய்கள் எல்லாம் வியர்த்ததுபோல் பளபளத்தன. இரண்டு மிட்டாய்கள் அட்டையிலிருந்து வழுக்கி, நத்தை போன தடம்போல் சுவரில் ஈரக்கோடு இழுத்துக்கொண்டு இறங்கியிருந்தன. அதன் சிவப்புச் சாயம் சொட்டுச் சொட்டாக விழுந்து, குடிலுக்கு அடியில் விரித்திருந்த வெள்ளை லேஸ் விரிப்பில் ஊறிப்போயிருந்தது. அது என் அம்மா கல்யாணத்துக்கு முன்பு தன் கையால் பின்னியது. எத்தனை முறை அலசியும் ஓர் ஓரத்தில் இளஞ்சிவப்பு இன்னும் நிற்கிறது.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் எல்லாம் பனி பெய்யும் நாடுகளில் இருப்பவர்கள் எழுதியவை. அவர்கள் ஒரு மாதம் தொங்கவிடுகிறார்கள். எனக்கு மூன்று நாள்கூட நிற்கவில்லை. எந்த மிட்டாயை எடுப்பது, எதைக் கொண்டு ஒட்டுவது, எப்போது செய்து வைப்பது என்று நம் ஊரிலேயே செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


நாகர்கோவில் வேதியியல் ஆசிரியர்
டிசம்பர் 4, இரவு 9.50

சகோதரி, தவறு உங்கள் கைவேலையில் இல்லை. மிட்டாயின் இயல்பு அது. இந்த மிட்டாயைச் செய்யும்போது சீனியையும் குளுக்கோஸ் பாகையும் சேர்த்து ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வரை காய்ச்சுகிறார்கள். அதில் இருக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று விழுக்காடு தவிர மற்றதெல்லாம் ஆவியாகிவிடும். பிறகு வேகமாக ஆறவிடும்போது, சீனி மறுபடியும் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல், ஜன்னல் கண்ணாடியைப் போல ஒழுங்கற்ற நிலையிலேயே உறைந்துவிடுகிறது. அந்த மினுமினுப்பும், கடித்தால் படாரென்று உடையும் தன்மையும் இதனால் வருபவைதான்.

இப்படிக் கண்ணாடியாக உறைந்த சீனி தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 30 விழுக்காட்டைத் தாண்டினாலே அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். குளிர்நாடுகளில் டிசம்பரில் வீட்டுக்குள் கணப்பு எரிவதால் உள்காற்று மிகவும் வறண்டு கிடக்கிறது. அங்கே மிட்டாய் நிற்பதற்கு அதுவே காரணம். நமக்கோ வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. கடலும் பக்கத்தில் இருக்கிறது. ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்கு மேல்தான். மேற்பரப்பு ஈரத்தை இழுத்துப் பாகாக மாறியதும், அதில் கரைந்திருக்கும் உணவுச் சாயமும் சேர்ந்து வழிகிறது. நீங்கள் பயன்படுத்திய வெள்ளைப் பசையும் தண்ணீரில் கரைத்துச் செய்யப்படுவது. ஆகவே மேலே காற்றும் கீழே பசையுமாக இருபுறமும் தண்ணீர் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஈரம் படக்கூடாதென்று செய்து முடித்த அலங்காரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். குளிர்ந்த மிட்டாயை வெளியே எடுத்த கணத்தில் காற்றின் ஈரம் அதன்மேல் பனித்துப் படிந்து, வெளியே இருப்பதைவிட விரைவாகக் கெட்டுவிடும்.


திங்கள்சந்தை மளிகைக் கடைக்காரர்
டிசம்பர் 5, காலை 6.40

டீச்சர், சார் சொன்ன விவரத்தோடு கடைக்காரனாக நான் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பெப்பர்மின்ட் என்றால் இப்போது எல்லாரும் அந்தச் சிவப்புச் சுழி மிட்டாயைத்தான் நினைக்கிறார்கள். நம் பிள்ளைப் பருவத்தில் பெட்டிக்கடைப் பரணிகளில் இருந்த சூட மிட்டாயும் பெப்பர்மின்ட்தானே? வெள்ளை வெளேரென்று, கற்பூர வில்லையைப் போல, வாயில் போட்டால் மூச்சே குளிரும் மிட்டாய். சூடம்போல் இருப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர்.

எங்கள் கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் பரணிகளில் இருக்கும். மழைக்காலத்தில் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டுவிட்டால், சுழி மிட்டாய்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். கரண்டியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். சூட மிட்டாய் அப்படியே தனித்தனியாகக் கிடக்கும். இருபது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் உங்கள் அலங்காரத்துக்கு இதுதான் ஏற்றது என்று மனதில் படுகிறது. சிவப்பு வேண்டுமென்றால் ரிப்பனிலும் மணியிலும் கொண்டுவாருங்கள். வெள்ளையை மிட்டாய் தரட்டும்.


நாகர்கோவில் வேதியியல் ஆசிரியர்
டிசம்பர் 5, காலை 7.25

அண்ணாச்சி, மிக அருமையான கவனிப்பு. காரணம் இதுதான்: சூட மிட்டாயைப் பாகு காய்ச்சி ஊற்றுவதில்லை, பொடித்த சீனியோடு பசைப்பொருளும் பெப்பர்மின்ட் எண்ணெயும் சேர்த்து அச்சில் அழுத்தி வில்லையாக்குகிறார்கள். அதில் சீனி படிகமாகவே இருக்கிறது. படிகச் சீனி ஏறத்தாழ 85 விழுக்காடு ஈரப்பதம் வரை காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைவதில்லை. வீட்டில் சீனி டப்பா திறந்து கிடந்தால் கட்டிபிடிக்குமே தவிரப் பாகாக ஓடுவதில்லை அல்லவா, அதே விஷயம்தான். அடைமழை இரவுகளில் நம் ஊர் ஈரப்பதம் 85-ஐத் தாண்டும். அப்போது இதன் மேற்பரப்பும் சற்று நமத்துப்போகும். ஆனால் மறுநாள் வெயில் வந்தால் காய்ந்து பழையபடி ஆகிவிடும். கண்ணாடி மிட்டாய் ஒருமுறை கசிந்தால் அந்தப் பளபளப்பு திரும்பி வராது.


தக்கலை மறைக்கல்வி ஆசிரியை
டிசம்பர் 5, மாலை 5.30

மிகவும் நன்றி அண்ணாச்சி, நன்றி சார். இன்று பள்ளி விட்டு வரும் வழியில் இரண்டு வகையும் நூறு நூறு கிராம் வாங்கி வந்தேன். சமையலறை ஜன்னல் மேடையில் ஒரு தட்டில் உறை பிரித்த சுழி மிட்டாய் மூன்று, உறையோடு மூன்று, சூட மிட்டாய் மூன்று என்று வைத்திருக்கிறேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.


கருங்கல் ஓய்வுபெற்ற தபால்காரர்
டிசம்பர் 5, இரவு 8.05

யாரையும் வருத்தப்படுத்த எழுதவில்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. தின்னும் பொருளைச் சுவரில் ஒட்டி, எறும்பு மொய்த்தபிறகு குப்பையில் போடுவதைப் பிள்ளைகளுக்கு நாமே கற்றுக்கொடுக்கலாமா? கிறிஸ்மஸுக்கு முதல்நாள் வட்டயப்பமும் முறுக்கும் செய்தால் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்ட பிறகுதான் நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் வாங்கும். அப்படி வளர்ந்தவன் நான். மிட்டாய் வாங்கும் காசில்லாத பிள்ளையும் உங்கள் வகுப்பில் இருக்கும். பனையோலையில் நட்சத்திரம் முடையத் தெரிந்தவர்கள் மணவாளக்குறிச்சிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அதைக் கற்றுக்கொடுக்கலாமே.


தக்கலை மறைக்கல்வி ஆசிரியை
டிசம்பர் 5, இரவு 10.20

ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. போன ஆண்டு அந்த வளையத்தைக் குப்பையில் போட்டபோது ஒரு சிறுமி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்த ஆண்டு கெட்டுப்போகாத வழியைத் தேடுகிறேன். கெடாமல் இருந்தால் பிரித்துப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாம். அடித்தளத்துக்கு அட்டைக்குப் பதிலாகப் பனையோலையை எடுப்பது என்று நீங்கள் சொன்னபிறகு முடிவு செய்துவிட்டேன். மிட்டாய் வாங்கும் செலவு பிள்ளைகளுடையது அல்ல. அது என் பொறுப்பு.


தோவாளை பூக்கட்டுபவர்
டிசம்பர் 6, காலை 11.10

பெரியவர் சொன்னதும் டீச்சர் சொன்னதும் இரண்டும் ஒத்துப்போகிற ஒரு வழி இருக்கிறது. ஒட்டாதீர்கள். கட்டுங்கள்.

நேற்று இரவு இந்த இழையைப் படித்துவிட்டு, சந்தைக்குப் போகும் முன்பே உட்கார்ந்து கட்டிப் பார்த்தேன். சுழி மிட்டாயின் உறையில் இரண்டு பக்கமும் முறுக்கிய காது இருக்கிறதே, அது பூவின் காம்பு மாதிரிதான். உறையைப் பிரிக்கவே வேண்டாம். இரண்டு மிட்டாயை இடதுபக்கம் பார்க்க, இரண்டை வலதுபக்கம் பார்க்க, காதுகள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி வைத்து, பிச்சிப்பூ கட்டுவதுபோல் நூலைச் சுற்றிக் கண்ணி போட்டு இறுக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறுகாதுகள் விரிந்து இதழ்போல் நிற்கும். நான் கட்டியதில் ஒரு முழத்துக்கு 44 மிட்டாய் பிடித்தது. அதை வளைத்து இரண்டு முனையையும் சேர்த்தால் வளையம்; நேராகத் தொங்கவிட்டால் நிலைமாலை. பண்டிகை முடிந்ததும் நூலை அறுத்தால் மிட்டாய் உறையோடு அப்படியே கையில் வரும், தாராளமாகத் தின்னலாம்.

ஒரு கவனம் மட்டும் வேண்டும். பூக்கட்ட நாங்கள் வாழைநாரை நனைத்து எடுப்போம். மிட்டாய்க்கு நார் கூடாது. ஈரம் உறையின் முறுக்குக்குள் ஏறிவிடும். உலர்ந்த பருத்தி நூல், அதுவும் கொஞ்சம் பருமனானது, போதும். மெல்லிய நூல் உறையை அறுத்துவிடுகிறது. எனக்கு முதல் ஏழெட்டு அப்படித்தான் போயின.

சூட மிட்டாயை எடுப்பவர்களுக்கு இன்னொரு யோசனையும் உண்டு. எங்கள் ஊர் மாணிக்கமாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை ஆகியவற்றை மடித்து, பாய் பின்னியதுபோல் தட்டையாக, ஒவ்வொன்றும் கல் பதித்த மாதிரி தெரியும்படி வைத்துக் கட்டுவதுதான் அதன் அழகு. கிறிஸ்மஸுக்கு வேண்டிய மூன்று நிறமும் அதிலேயே இருக்கின்றன. பனையோலைப் பட்டையில் அந்தக் கட்டத்தை வரைந்துகொண்டு, வெள்ளை வரும் இடத்தில் சூட மிட்டாயும், சிவப்புக்குக் குன்றிமணி நிறத்துப் பாசிமணியும், பச்சைக்குச் சாயமிட்ட ஓலைத்துண்டும் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குன்றிமணியையே வைத்துவிடாதீர்கள், அது விஷம், பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு ஆகாது.


தக்கலை மறைக்கல்வி ஆசிரியை
டிசம்பர் 7, மாலை 6.00

அக்கா, படித்ததும் கைகூப்பினேன். மிட்டாயின் உறைக்குக் காது உண்டு என்பதை இத்தனை ஆண்டும் பார்த்தும் நான் கவனிக்கவில்லை.

ஜன்னல் மேடைத் தட்டின் முடிவையும் எழுதிவிடுகிறேன். உறை பிரித்த மூன்றும் முதல் இரவிலேயே பிசுபிசுத்தன; இன்று காலையில் தட்டைச் சாய்த்தபோது நகர மறுத்து அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. சூட மிட்டாய் தொட்டால் காய்ந்த சாக்குக்கட்டி போலவே இருக்கிறது. உறையோடு இருந்தவை வெளியே நன்றாகத் தெரிகின்றன. ஆனால் பிரித்துப் பார்த்தால் முறுக்கின் ஓரம் மட்டும் லேசாக ஒட்டுகிறது.


நாகர்கோவில் வேதியியல் ஆசிரியர்
டிசம்பர் 7, இரவு 7.15

நீங்கள் பார்த்தது சரிதான் சகோதரி. முறுக்கு உறை ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. காதுகளின் மடிப்பில் காற்று புகுந்துகொண்டே இருக்கும். நான்கு புறமும் சூட்டில் ஒட்டிய தலையணை உறை மிட்டாய் கிடைத்தால் அது இன்னும் பல நாள் தாங்கும். ஆனால் அதற்குக் கட்டுவதற்கான காது இருக்காது. முறுக்கு உறையில் கட்டிய மாலையைத் தொங்கவிடும் நாள்வரை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். மருந்துப் புட்டிகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வரும் பொட்டலங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து முடித்தவை. காகிதத்தைப் பிரித்து மணிகளை மட்டும் வாணலியில் மிகச் சிறு தீயில் சற்று நேரம் சூடாக்கி ஆறவைத்தால் மீண்டும் உழைக்கும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம். அரிசியைப் போட்டு வைப்பதால் சொல்லிக்கொள்ளும்படி பயன் இல்லை.


மார்த்தாண்டம் பேக்கரிக்காரர்
டிசம்பர் 8, பிற்பகல் 2.30

சூட மிட்டாய்க்கு வாக்குகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அது நல்லதுதான். ஆனால் சுழி மிட்டாயால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. வெப்பத்தில் இளக்கி ஒன்றோடொன்று சேர்ப்பதைச் சொல்கிறேன். சூட மிட்டாயை உருக்க முயலாதீர்கள். படிகச் சீனி உருகுவதற்குள் பழுப்பேறிக் கருகிவிடும்.

செய்முறை இது. பட்டர் பேப்பர் விரித்த தட்டில், எண்ணெய் தடவிய தகர வளையத்துக்குள் ஏழு மிட்டாய்களை வையுங்கள்: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒன்றுக்கொன்று அரிசி மணி அளவு இடைவெளி இருக்கட்டும். 175 பாகை செல்சியஸில் முன்கூட்டியே சூடேற்றிய அடுப்பில் ஐந்து நிமிடம் வைத்து, பிறகு கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மிட்டாயின் விளிம்பு கூர்மை இழந்து, பக்கத்து மிட்டாயைத் தொட்டு, இரண்டுக்கும் நடுவே இருந்த கோடு மறையும் நேரம் ஒன்று வரும். அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும். இன்னும் அரை நிமிடம் விட்டால் சுழி கலைந்து எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். அதற்கும் மேலே விட்டால் குமிழி வரும், மஞ்சளாகும். வெளியே எடுத்த ஒரு நிமிடத்துக்குள், எண்ணெய் தொட்ட ஈர்க்குச்சியால் ஓரத்தில் துளை போட்டுக் குச்சியைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் கயிறு கோக்க இடம் கிடைக்கும். இதையே பதினெட்டு இருபது மிட்டாய் வைத்துப் பெரிய வட்டமாகச் செய்து, சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவிய கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் போர்த்தினால், ஆறியதும் மிட்டாய்க் கிண்ணமாகக் கழன்று வரும்.

வீட்டில் மின்அடுப்பு இல்லாதவர்கள், கேக் செய்வதுபோல் குக்கரில் உப்பு பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் செய்யலாம். ஆனால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாததால் மூடியை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் பேக்கரி இருந்தால் ரொட்டி எடுத்தபிறகு போர்மாவில் மிச்சமிருக்கும் சூட்டைக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சூடு இதற்குப் போதும்.

ஆறிய ஐந்தாவது நிமிடத்திலேயே தெளிவான செலோபேன் தாளில் சுற்றிவிட வேண்டும். மதியம் செய்து மாலையில் சுற்றலாம் என்று விட்டால் அதற்குள் விரல் ஒட்டும். இருபத்து மூன்றாம் தேதிக்கு முன்னால் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.


செவிலியர், ஆசாரிப்பள்ளம்
டிசம்பர் 8, இரவு 9.00

அண்ணன் சொன்ன இளக்கும் வேலையைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இதைத் தயவுசெய்து யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொதிக்கும் தண்ணீர் 100 பாகை. பட்டாலும் வழிந்து ஓடிவிடும். இளகிய மிட்டாய் அதைவிட மிகவும் சூடானது. தோலில் ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடத்திலேயே சுட்டுக்கொண்டிருக்கும். பட்டுவிட்டால் பிய்த்து எடுக்கக் கூடாது. உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். மிட்டாய் தானே இறுகிக் கரைந்து விலகும். பனிக்கட்டி, பற்பசை, மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளம் கண்டாலும், முகம் கை மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

இன்னொன்று: நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த உருண்டை மிட்டாய்களைக் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிட வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவும் வழுக்கலும் இரண்டும் அதற்கு உண்டு. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள், சீனி சேர்க்காத வகை என்றால் உறையில் சைலிட்டால் என்று இருக்கிறதா பாருங்கள். மனிதருக்குத் தீங்கில்லாத அந்த இனிப்பு நாய்க்குக் கொடிய நஞ்சு.


குளச்சல் கல்லூரி மாணவன்
டிசம்பர் 9, இரவு 7.40

எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். எனக்கு ஈரம் மட்டுமல்ல, உப்புக்காற்றும் சேர்ந்து படுத்துகிறது. நான் கைப்பிடி வளைந்த கோல் மிட்டாய்களில் நட்சத்திரம் செய்ய நினைக்கிறேன். தெளிவான அக்ரிலிக் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் நிற்குமா? அந்தக் கோல் இயேசுவின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து வடிவில் உருவாக்கப்பட்டது என்கிறார்களே, அது உண்மையா? குடில் விளக்கத்தில் எழுதலாம் என்று இருக்கிறேன்.


நாகர்கோவில் வேதியியல் ஆசிரியர்
டிசம்பர் 9, இரவு 8.55

தம்பி, அந்த எழுத்துக் கதைக்கு வரலாற்றுச் சான்று கிடையாது. பின்னாளில் பரவிய பக்திக் கதை அது. எழுதாதீர்கள். சான்றுள்ள ஒன்றை எழுதலாம்: முன்பெல்லாம் அந்தக் கோலின் கைப்பிடியைத் தொழிலாளர்கள் கையால்தான் வளைத்தார்கள், அமெரிக்காவில் 1950-களில் கிரிகோரி கெல்லர் என்னும் கத்தோலிக்கக் குருவானவர்தான் அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் அமைத்தார். குடிலில் இடையர் கையில் ஆட்டுக்கோலாக வைத்தால் எந்தக் கதையும் இல்லாமலே பொருந்தும்.

வார்னிஷ் விஷயத்தில், மிட்டாய் முற்றிலும் உலர்ந்திருக்கும்போது, அதாவது உறை பிரித்த உடனேயே, மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு அடித்தால் சில நாள்கள் கூடுதலாகக் கிடைக்கும். ஒருமுறை பிசுபிசுத்த மிட்டாய்மேல் அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு மேற்பூச்சு உரிந்துவரும். வார்னிஷ் அடித்தது எதுவும் தின்னத் தகாது.

ஒட்டுவதற்கு வெப்பப் பசைத் துப்பாக்கி நல்லது. குறைந்த வெப்ப வகை சுமார் 120 பாகையிலும், மற்றது சுமார் 190 பாகையிலும் பசையைத் தருகிறது. குறைந்த வெப்பமே மிட்டாய்க்கு ஏற்றது.


தக்கலை மறைக்கல்வி ஆசிரியை
டிசம்பர் 9, இரவு 9.30

வார்னிஷில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை சார். கண்ணுக்கு மிட்டாயாகத் தெரிவதை எங்கேயாவது ஒரு குழந்தை நக்கிப் பார்க்கத்தான் செய்யும். “இதைத் தின்னாதே” என்று எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? என் வகுப்பில் அது வேண்டாம். தம்பி தன் வீட்டில் உயரத்தில் மாட்டிக்கொள்வதானால் அது அவர் விருப்பம்.


குலசேகரம் இல்லத்தரசி
டிசம்பர் 11, காலை 10.00

எறும்பைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே. எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர் தோட்டம். இங்கே ஈரத்தைவிட எறும்புதான் முதலில் வந்து சேரும். மூன்று கிறிஸ்மஸாக எனக்குப் பலித்த முறையைச் சொல்கிறேன். எந்த அலங்காரமும் சுவரையோ மரத்தையோ நேராகத் தொடக் கூடாது. ஒரே ஒரு நைலான் நூலில் தொங்க வேண்டும். அந்த நூலின் நடுவில் இரண்டு விரல் நீளத்துக்கு வாசலினைத் தாராளமாகப் பூசிவிட வேண்டும். எறும்பு நூலில் இறங்கிவந்து அந்த இடத்தில் நின்று திரும்பிப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நாலு நாளுக்கு ஒருமுறை புதிதாகப் பூச வேண்டும். தூசி படிந்தால் அதன்மேல் நடந்து கடந்துவிடும்.

குடிலில் பனி காட்டுவதற்காகப் பஞ்சின்மேல் சூட மிட்டாயைப் பொடித்துத் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். நாற்றுத் தட்டின் ஈரம் பக்கத்திலேயே இருக்கும். ஓர் இரவில் பஞ்சு முழுக்கக் கறுத்துவிடும். எனக்கு நேர்ந்தது, குழந்தை யேசு சொரூபத்தை எறும்போடு எடுத்து அலசினேன், மனது மிகவும் கஷ்டப்பட்டது. கிறிஸ்மஸ் மரத்தடியிலோ கிண்ணத்திலோ மெழுகுதிரி ஏற்றிச் சுற்றி மிட்டாய் அடுக்குவதும் வேண்டாம். சுடருக்குப் பக்கத்தில் இருப்பவை இளகிச் சாய்ந்துவிடுகின்றன. சிறு மின்விளக்கு வைத்தால் போதும்.


தக்கலை மறைக்கல்வி ஆசிரியை
டிசம்பர் 14, மாலை 6.45

இன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல் கட்ட வேலையை முடித்தோம். கருங்கல் ஐயா சொன்னபடி, பக்கத்து ஊரிலிருந்து ஒரு பாட்டி வந்து ஓலைப்பட்டை வாரிக் கொடுத்தார். அதில் தோவாளை அக்கா சொன்ன கட்டத்தைப் பென்சிலால் போட்டு, வெள்ளைக்குச் சூட மிட்டாயும் சிவப்புக்குப் பாசிமணியும் வைத்தோம். ஒட்டும் வேலையை மட்டும் நானும் இரண்டு பெரிய பெண்பிள்ளைகளும் செய்தோம். ஒரு கட்டத்துக்கு ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையிலேயே பூ அடுக்கியதுபோல் இருக்கிறது. சூட மிட்டாய் ஒட்டும்போது விளிம்பில் மாவு உதிர்கிறது. ஒட்டுவதற்கு முன் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது.

சுழி மிட்டாய் மாலையை 22-ஆம் தேதி கட்டலாம் என்றிருக்கிறோம். பேக்கரி அண்ணனிடம் ஒரு கேள்வி: உருக்கிச் செய்த வட்டத்தைச் செலோபேனில் சுற்றினால் ஒளி ஊடுருவுமா? நட்சத்திர விளக்குக்குள் வைக்கலாமா?


மார்த்தாண்டம் பேக்கரிக்காரர்
டிசம்பர் 14, இரவு 8.20

வெள்ளைப் பகுதி ஒளிபுகாதது, சகோதரி. பாகை இழுத்து இழுத்து மடிக்கும்போது உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள் சேர்வதால்தான் அது வெள்ளையாகிறது. விளக்கைப் பின்னால் வைத்தால் மங்கலாகத்தான் தெரியும். ஒளி வேண்டுமென்றால் தெளிவான பழமிட்டாயை இளக்கி எடுங்கள். நட்சத்திரத்துக்குள்ளே வைப்பதானால் சூடேறாத எல்இடி பல்பு மட்டும்.


தக்கலை மறைக்கல்வி ஆசிரியை
டிசம்பர் 27, காலை 9.10

எல்லோருக்கும் பிந்திய கிறிஸ்மஸ் வாழ்த்து. விவரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

சூட மிட்டாய்ப் பட்டை 14-ஆம் தேதி முதல் இன்றுவரை பதின்மூன்று நாளாகத் தொங்குகிறது. 19-ஆம் தேதி இரவு மழைக்குப் பிறகு காலையில் தொட்டபோது மேலே சற்று நமத்திருந்தது. பத்து மணிக்குள் காய்ந்துவிட்டது. ஒரு வில்லைகூட விழவில்லை. பெப்பர்மின்ட் வாசனை மட்டும் முதல் வாரத்தோடு போய்விட்டது. மூன்று ராசாக்கள் திருநாள் வரை, ஜனவரி 6 வரை, இது நிற்கும் என்றே நம்புகிறேன்.

கட்டிய மாலை இரண்டு முழம், 90 மிட்டாய். 22-ஆம் தேதி கட்டி டப்பாவில் வைத்து, 24 மாலை தொங்கவிட்டு, 26 காலை நூலை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். எல்லாமே உறைக்குள் நன்றாக இருந்தன. உருக்கிச் செய்த வட்டங்கள் பன்னிரண்டில் ஒன்பது நின்றன. மூன்றில் செலோபேனைச் சரியாக மடிக்காததால் ஓரம் கசிந்தது. வாசலின் பூசிய நூலுக்கு மேலே எறும்புகள் வரிசையாக வந்து நின்றதைப் பார்க்கப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

குடிலுக்கு அடியில் இந்த ஆண்டும் அம்மாவின் லேஸ் விரிப்பைத்தான் விரித்தேன். சாயம் பட்ட ஓரத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தேன். புதிய கறை எதுவும் இல்லை.

தோவாளை அக்கா, வரும் ஆண்டு கட்டும் முறையைப் பிள்ளைகளுக்கு நேரிலேயே காட்ட ஒருநாள் வர முடியுமா? பூச்சந்தை ஓய்ந்த பிற்பகலில் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.


தோவாளை பூக்கட்டுபவர்
டிசம்பர் 27, பிற்பகல் 1.35

வருகிறேன் டீச்சர். நூல் மட்டும் பருமனாக வாங்கி வையுங்கள்.